பழைய தனி வீடா, பழைய ஃபிளாட்டா, புது ஃபிளாட்டா, மனையா? ஒரு கோடி ரூபாய்க்குள் சென்னைப் புறநகரில் வீடு தேடுபவர்களுக்கு

குரோம்பேட்டையில் அரை கிரவுண்டில், அதாவது 1,200 சதுர அடி மனையில், 1984-இல் கட்டிய ஒரு தனி வீடு. பின்னால் கிணறு, வாசலில் வேப்ப மரம், ரயில் நிலையத்துக்கு நடந்தே போகலாம். விலை ஒரு கோடி. அதே தொகைக்குள் நங்கநல்லூரில் 1990-களின் ஃபிளாட் ஒன்றும், மேடவாக்கம் பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் புது ஃபிளாட் ஒன்றும், கூடுவாஞ்சேரியில் மனை வாங்கிக் கட்டும் வழியும் இருக்கின்றன. கையில் 40 லட்சம் சேமிப்பு வைத்துக்கொண்டு ஒரு தம்பதி இந்த நான்கில் எது என்று என்னிடம் கேட்டார்கள். இதே கேள்வியை வேறு வேறு ஊர்ப்பெயர்களோடு நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அதனால் விரிவாகவே எழுதுகிறேன். நாங்களும் இந்தக் குழப்பத்தில் ஒரு வருடம் அலைந்து, 2017-இல் 1981-ஆம் வருடத்து வீடு ஒன்றை வாங்கியவர்கள்தான்.

## முதலில் அளவுகோல்

வீட்டைப் பார்க்கப் போகும்போது நம் கண் சுவரில் உள்ள விரிசலுக்கும் மங்கிப்போன மொசைக்குக்கும்தான் போகும். அதைப் பார்த்து நல்ல வீட்டைத் தள்ளியவர்களும் உண்டு, புதுப் பெயின்ட்டைப் பார்த்து மோசமான வீட்டை வாங்கியவர்களும் உண்டு. என்னைக் கேட்டால் எந்தக் குறையைக் கண்டாலும் கேட்க வேண்டியது ஒன்றே: இது காசு செலவழித்தால் தீருகிற குறையா, எவ்வளவு செலவழித்தாலும் தீராத குறையா?

ஒயரிங், குழாய், தரை, குளியலறை, மொட்டை மாடி ஒழுகல் எல்லாம் தீருகிறவை. சாலைக்குக் கீழே போய்விட்ட வீட்டு மட்டம், கையெழுத்துப் போடாத ஒரு வாரிசு, கோயிலுக்குச் சொந்தமான மண், ஆம்புலன்ஸ் நுழைய முடியாத சந்து ஆகியவை தீராதவை, அல்லது தீர்க்க நம் கையில் இல்லாதவை. கூரைக் கம்பியின் துரு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

இதற்கு அடுத்தபடி பார்க்க வேண்டியவை: விலைக்கு மேல் கைக்காசு எவ்வளவு ஆகும், வங்கி எவ்வளவு தரும், எப்போது குடிபோகலாம், இருபது வருடம் கழித்து நம் பெயரில் எவ்வளவு மண் இருக்கும்.

| | பழைய தனி வீடு | பழைய ஃபிளாட் | கட்டுமானத்தில் உள்ள ஃபிளாட் | மனை வாங்கிக் கட்டுதல் |
|---|---|---|---|---|
| முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் | 9% | 9% | 50 லட்சம் வரை 6%, 3 கோடி வரை 7%, மேலே 9% | மனை மதிப்பில் 9% |
| ஜி.எஸ்.டி. | இல்லை | இல்லை | 5% (45 லட்சத்துக்குள் உள்ள சிறு ஃபிளாட்டுக்கு 1%) | மனைக்கு இல்லை, கட்டுமானப் பொருளிலும் ஒப்பந்தத்திலும் உண்டு |
| குடிபோக | பழுது பார்த்ததும் | ஏறக்குறைய உடனே | இரண்டு மூன்று வருடம் | ஒரு வருடத்துக்கு மேல் |
| மண் | முழுவதும் | நல்ல பங்கு | சிறு பங்கு | முழுவதும் |
| ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பாதுகாப்பு | இல்லை | இல்லை | உண்டு | பதிவான லேஅவுட்டுக்கு மட்டும் |
| பெரிய பயம் | பத்திரம், மட்டம், கூரைக் கம்பி | கூரைக் கம்பி, அக்கம்பக்க ஒற்றுமை | தாமதம் | அங்கீகாரம், தூரம் |

## பழைய தனி வீடு

இதன் ஈர்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிழல் தரும் மரம் முப்பது வருடம் நின்று வளர்ந்தது. அதை எந்த பில்டரும் கட்டித் தர முடியாது. பள்ளிக்கூடம், மருந்துக்கடை, ரயில், மெட்ரோ குடிநீர், பாதாளச் சாக்கடை எல்லாம் வந்து சேர்ந்த தெருக்களில்தான் இந்த வீடுகள் பெரும்பாலும் இருக்கின்றன. நான் பெரிதாக நினைப்பது வேறொன்று: இந்த வீட்டைக் கண்ணால் பார்த்து வாங்கலாம். மழையில் எப்படி இருக்கும், மே மாதத்தில் கிணற்றில் தண்ணீர் இருக்குமா, பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று எல்லாவற்றுக்கும் பதில் அங்கேயே இருக்கிறது. புது ஃபிளாட்டில் இவற்றுக்கு வரைபடம்தான் பதில்.

சாலை மட்டம். சென்னையில் பழைய வீட்டின் முதல் எதிரி இதுதான். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துகொண்டே போக, 1980-இல் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. வாசலில் நின்று பாருங்கள். கேட்டுக்குள் போகச் சரிவாக இறங்கினால் அந்த வீடு மழைக்காலத்தில் தொட்டி. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று விற்பவரைக் கேட்காதீர்கள். எதிர்வீட்டுக்காரரையும் தெருமுனைக் கடைக்காரரையும் கேளுங்கள். சுவரில் கைவைத்தே காட்டுவார்கள். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கித் தருகிறவர்கள் இப்போது உண்டு. ஆனால் அந்தச் செலவும் அதற்குப் பிறகு தரை, குழாய், படிக்கட்டு எல்லாவற்றையும் மாற்றும் செலவும் சேர்ந்தால் விலையில் கிடைத்த லாபம் போய்விடும்.

ஓதம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்குச் சுவர்ப்பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்தால் அது கீழிருந்து ஏறும் ஓதம். அதை மறைக்கக் கீழ்ச்சுவரில் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருந்தால் கவனமாக இருங்கள். உள்ளே அடைபட்ட ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி நிற்கும்.

கூரை. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் இருக்கும் மிகப் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும். தேக்குச் சட்டங்களுக்கு மேல் செங்கல்லை நிறுத்திவைத்துச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் இடித்துப் போட்டு, மேலே தட்டோடு பதித்தது. சுவர் ஒன்றரைச் செங்கல் கனம்; உள்ளே குளிர்ச்சி. இங்கே பார்க்க வேண்டியது சட்டத்தின் நுனி. சுவருக்குள் புதைந்த அந்த இடத்தில்தான் ஈரமும் கரையானும் சேரும். இத்தகைய வீட்டைச் சிமெண்ட் பூசிச் 'சரிசெய்து' வைத்திருந்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விடும். சிமெண்ட் அந்த ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் மட்டுமே இந்த வகை வீட்டில் இறங்குங்கள்.

1970-களுக்குப் பிந்தைய வீடுகளில் கான்கிரீட் கூரை. இங்கே கதை வேறு. புது கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். அது கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கத் தொடங்கும். துரு, இரும்பைவிடக் கூடுதல் இடம் கேட்கும். அதனால் கூரையின் அடிப்பாகம் வெடித்துக் காரை பெயர்ந்து விழும். கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்றும் சேர்ந்து இதை வேகப்படுத்தும். திருவான்மியூரில் உள்ள வீட்டையும் குரோம்பேட்டையில் உள்ள வீட்டையும் ஒரே வயது என்பதால் ஒன்றாக எடைபோடக் கூடாது.

ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துப் போங்கள். அவர் கூரையைத் தட்டிப் பார்ப்பார். கெட்டியான ஓசை வர வேண்டும். டொப்டொப்பென்று வந்தால் உள்ளே பிரிந்திருக்கிறது. புதிதாக உடைத்த ஒரு சிறு இடத்தில் ஃபீனால்ஃப்தலீன் தெளிப்பார். ரோஜா நிறமாக மாறினால் காரம் இன்னும் இருக்கிறது. நிறமே வராத ஆழம் கம்பி வரைக்கும் போய்விட்டதா என்பதுதான் கேள்வி. குளியலறைக்கு அடியில், சன்ஷேடில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் கூடமும் படுக்கையறையும் நன்றாக இருந்தன. மாடிக் குளியலறையின் தாழ்தளத்துக்குக் கீழே மட்டும் யாரும் பார்க்கவில்லை. வாங்கிய முதல் மழைக்காலத்தில் அங்கே கையகலத்துக்குக் காரை விழுந்தது. பழுதுக்கு 8 லட்சம் என்று போட்ட கணக்கு 14 லட்சத்தில் போய் நின்றதற்கு அதுவே பாதிக் காரணம்.

மீதிக் காரணம் ஒயரிங். எங்கள் வீட்டில் எர்த் கம்பியே கிடையாது. ஏ.சி.யும் வாஷிங் மெஷினும் இல்லாத காலத்து ஒயரிங் அது. இரும்புக் குழாய்கள் வெளியே நன்றாக இருந்தாலும் உள்ளே துருவேறிப் பென்சில் அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது. பழைய வீட்டில் இந்த இரண்டையும் முழுவதுமாக மாற்ற வேண்டும் என்று முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பத்திரம். கட்டடத்தைவிட இதில்தான் நான் அதிகம் பயப்படுவேன். வில்லங்கச் சான்று, அதாவது அந்தச் சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல், குறைந்தது முப்பது வருடத்துக்கு வேண்டும்; இணையத்தில் கிடைப்பது 1975-லிருந்துதான் என்றால் அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டு வாங்க வேண்டும். தாய்ப்பத்திரம், அதாவது விற்பவருக்கு முன்பு சொத்து கைமாறி வந்த பழைய பத்திரம், அசலாகக் கண்ணில் பட வேண்டும். ஜெராக்ஸ் காட்டினால் அசல் எங்கே அடமானத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

பூர்விகச் சொத்தென்றால் மகள்களின் பங்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே மணமாகாத மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் சம உரிமை தந்தார்கள். 2005-இல் நாடு முழுவதற்கும் மத்தியச் சட்டம் வந்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அது பிறப்பால் வரும் உரிமை என்று தெளிவாக்கியது. 'அக்காவுக்கு அப்பவே நகை போட்டுக் கொடுத்தாச்சு' என்பது சட்டத்தில் பதில் ஆகாது. தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் எழுதாமல் இறந்துவிட்டார் என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகளோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மகன் இறக்கும்போது பாட்டி உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பாட்டியும் பிறகு உயில் இல்லாமல் காலமானால் அந்தப் பங்கில் சித்தப்பா, பெரியப்பா, அத்தை எல்லோரும் வந்துவிடுவார்கள்.

மயிலாப்பூர் போன்ற இடங்களில் மண் கோயிலுக்கும் கட்டடம் மட்டும் விற்பவருக்கும் சொந்தமாக இருப்பதுண்டு. அங்கே நீங்கள் வாங்குவது சுவரும் கூரையும்தான். மண்ணுக்கு வாடகை கட்டிக்கொண்டிருக்க வேண்டும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

விற்பவர்களில் ஒருவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இன்னொரு சிக்கல். இங்கே இருப்பவரிடம் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் வாங்கினால் நாம் 1% வரி பிடித்துக் கட்டினால் போதும். வெளிநாட்டுக்காரரின் பங்குக்கு விகிதம் வேறு, மிகவும் கூடுதல். பிடிக்கத் தவறினால் வருமான வரித்துறை வாங்கியவரைத்தான் கேட்கும்.

கைக்காசு. அந்தத் தம்பதிக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு இது. ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கிகள் வீட்டு மதிப்பில், 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90%, 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75% வரைதான் தரலாம். பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது. ஒரு கோடிக்கு 75 லட்சம் கிடைத்தால் நம் பங்கு 25 லட்சம். பதிவுக்கு 9 லட்சம், தரகு ஒரு சதவீதம் என்று 1 லட்சம், பழுதுக்கு 14 லட்சம். மொத்தம் 49 லட்சம். கட்டடத்தின் வயதைப் பார்த்து வங்கி மதிப்பீட்டாளர் 90 லட்சம் என்று எழுதினால் கடன் 72 லட்சம்தான். கைக்காசு 52 லட்சமாகிவிடும். அவர்களிடம் இருப்பது 40.

பழைய வீட்டின் மறைந்த செலவுகளில் பெரியது இதுதான்: பழுதுச் செலவு முழுக்கக் கையிலிருந்து போகும், அதுவும் முதல் ஆறு மாதத்திலேயே.

## பழைய ஃபிளாட்

இதை நிறையப் பேர் பார்க்காமலேயே தள்ளிவிடுகிறார்கள். அதனால்தான் விலை படிகிறது.

ஃபிளாட்டில் நமக்கு நிலைத்து நிற்பது பிரிக்கப்படாத மனைப் பங்கு, யு.டி.எஸ். முன்பு சாதாரண அடுக்குமாடிக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப்பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5. இரண்டு கிரவுண்டில் 7,200 சதுர அடி கட்டலாம். 900 சதுர அடியில் எட்டு ஃபிளாட் என்றால் ஒவ்வொருவருக்கும் 600 சதுர அடி மண். 2019 விதிகளில் அது 2 ஆயிற்று, உயரமான கட்டடங்களுக்கு 3.25. அதே அளவு ஃபிளாட்டுக்குப் புதிய அடுக்ககத்தில் கிடைக்கும் மண் முக்கால் பங்காகவும், உயரமான கட்டடங்களில் பாதிக்கும் குறைவாகவும் இறங்கிவிட்டது. பழைய கட்டடத்தை இடித்துத் திரும்பக் கட்டும் நாளில் இந்த வித்தியாசம் பேசும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024-இல் நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் செய்யலாம். ஒருவரே முரண்டு பிடித்து எல்லோரையும் நிறுத்திவைக்கும் நிலை மாறியிருக்கிறது.

ஆனால் அந்த ஏழெட்டுக் குடும்பங்களைப் பற்றி விசாரிக்காமல் வாங்கவே கூடாது. மொட்டை மாடி ஒழுகினால் யார் செலவு என்று பத்து வருடமாகச் சண்டை நடக்கும் கட்டடங்கள் உண்டு. சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். கடைசித் தளம் வேண்டாம், தரைத்தளம் வெள்ளம் பார்த்து. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியை அப்பா அம்மாவோடு இருப்பவர்கள் தவிர்க்க வேண்டும்.

75 லட்சம் ரூபாய் ஃபிளாட் என்றால் கடன் 60 லட்சம், நம் பங்கு 15, பதிவு 6.75, உள்வேலை 5. மொத்தம் 27 லட்சத்துக்குள். நான்கு வழிகளில் இதுதான் பர்ஸைக் கடிக்காதது.

## கட்டுமானத்தில் உள்ள புது ஃபிளாட்

'பழைய வீட்டுக்குப் பதிவு 9%, புதுசுக்கு 7%தான்' என்று விற்பனைப் பிரிவில் சொல்வார்கள். 90 லட்சம் ரூபாய் ஃபிளாட்டுக்குப் பதிவு 6.3 லட்சம் சரி, கூடவே ஜி.எஸ்.டி. 4.5 லட்சம். சேர்த்தால் 12%. பணிநிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கும் ஃபிளாட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, முடிந்த நிலையில் இருப்பதைத் தேடுவது நல்லது.

கடன் 72 லட்சம் கிடைத்தால் கைக்காசு 28.8 லட்சம். முப்பது மாதம் 20,000 ரூபாய் வாடகையும் சேர்த்தால் 34.8 லட்சம். தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் வாடகையும் வட்டியும் ஒன்றாக ஓடும். கார்ப்பஸ் நிதி (பெரிய செலவுகளுக்காக முதலிலேயே கட்டும் இருப்புத் தொகை), மாதப் பராமரிப்பு, மெட்ரோ குடிநீர் எட்டாத இடங்களில் லாரித் தண்ணீர் ஆகியவை தனி. 1,000 சதுர அடி என்று சொல்வதில் கார்பெட் பரப்பு, அதாவது வீட்டுக்குள் நாம் புழங்கும் தரை, எவ்வளவு என்று கேட்டுவிட்டு விலையை அதால் வகுத்துப் பாருங்கள்.

இதன் பலம் ரெரா. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் அல்லது எட்டு வீட்டுக்கு மேல் கட்டினால் பதிவு கட்டாயம். வாங்குவோர் பணத்தில் 70% தனிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டமைப்புக் குறைக்கு ஐந்து வருடம் பில்டர் பொறுப்பு. பழைய வீட்டில் இப்படிக் கேட்க ஆளே இல்லை. பத்திரம் படிக்க நேரமும் கொத்தனாரை மேய்க்கப் பொறுமையும் இல்லாதவர்களுக்கு, இரண்டு பேரும் வேலைக்குப் போய்க் குழந்தையை வளாகத்துக்குள் விளையாட விட விரும்புகிறவர்களுக்கு இதுதான் பொருந்தும். மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் வாங்குவதென்றால் 2022-இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் எல்லைக்கு எவ்வளவு தூரம் என்பதையும் வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

## மனை வாங்கிக் கட்டுதல்

சுருக்கமாகச் சொல்கிறேன். 2016 அக்டோபர் 20-க்குப் பிறகு பிரித்த அங்கீகாரமில்லாத மனையைத் தொடாதீர்கள். அதற்கு முந்தையதென்றால் வரன்முறைப்படுத்திய ஆணையைக் காட்டச் சொல்லுங்கள். கட்டுவதற்குச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தாலும் 1,000 சதுர அடிக்கு 25 லட்சம். காம்பவுண்டு, போர், சம்ப், மின் இணைப்பு எல்லாம் அதற்கு மேல். தினமும் போய் நிற்க ஒருவர் இருக்கும் குடும்பத்துக்கு, கட்டி முடியும்வரை வாடகை வீட்டில் இருக்கத் தயாரானவர்களுக்கு இது நல்ல வழி. கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்கு வேலைக்குப் போய்வரும் நேரத்தையும் செலவில் எழுதுங்கள்.

## யாருக்கு எது

பெற்றோர் கூட இருக்கிறார்கள், கைக்காசு விலையில் பாதியளவு இருக்கிறது, தெரு மட்டத்துக்கு மேல் நிற்கும் வீடு, வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றால் பழைய தனி வீட்டை விடாதீர்கள். அத்தகைய மண் அந்தத் தெருக்களில் இனி உருவாகப் போவதில்லை. கைக்காசு மூன்றில் ஒரு பங்கு என்றால் பழைய ஃபிளாட். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ஓட வேண்டியிருக்கும் அளவுக்கு வேலை நெருக்கடி என்றால் முடிந்த நிலையிலுள்ள புது ஃபிளாட்.

குரோம்பேட்டை வீட்டைப் பொறுத்தவரை அந்தத் தம்பதியை ஐப்பசி மழையில் போய்ப் பார்க்கச் சொன்னேன். தெருவில் கணுக்கால் தண்ணீர், வீட்டுப்படி நனையவில்லை. 2015-இல் இரண்டாம் படி வரை வந்தது என்று எதிர்வீட்டுப் பாட்டி சொல்லியிருக்கிறார். கூரையில் ஒரு சன்ஷேடும் குளியலறை அடிப்பகுதியும் மட்டும் மோசம். இதையெல்லாம் எழுதிக் காட்டியதில் விலை 92 லட்சத்துக்கு இறங்கியது. தரையும் சமையலறையும் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று பழுதை 8 லட்சத்துக்குள் சுருக்கினார்கள். கடன் 73 லட்சம் என்றால் கைக்காசு 37 லட்சத்துக்குள் அடங்குகிறது.

பத்திரத்தைப் படித்த வழக்கறிஞர்தான் நிறுத்திவைத்திருக்கிறார். வீட்டைக் கட்டியவர் 1998-இல் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். மனைவியும் மூன்று பிள்ளைகளும் விற்கிறார்கள். அவர் இறந்தபோது அவருடைய அம்மா உயிரோடு இருந்து 2006-இல்தான் காலமாகியிருக்கிறார். அந்த அம்மாவின் ஐந்தில் ஒரு பங்கில் பாதி, அதாவது வீட்டில் பத்தில் ஒரு பங்கு, திருச்சியில் இருக்கும் அவர் மகளுக்குச் சேர்ந்தது. விற்பவர்களுக்கு அவர் அத்தை. அவருடைய விடுதலைப் பத்திரம் பதிவான பிறகே அட்வான்ஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள்.